விருந்தாளியின் வணக்கம்

தொழிற்பயிற்சிக்காக வெளிநாடு போகிறவரின் கால அட்டவணையில் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வேறு முகம். மற்ற நாட்களில் தரக்கட்டுப்பாடு, இயந்திரப் பராமரிப்பு, பட்டறைத் தளத்தில் நின்றபடியே குறிப்பெடுப்பு. வார இறுதியில் பேருந்து வரும், ஊர் சுற்றிக் காட்டுவார்கள். ஜப்பானில் அந்தப் பேருந்து எங்கே போனாலும் கடைசியில் ஏதாவது ஒரு கோவில் வாசலில்தான் போய் நிற்கும். கியோட்டோ, நாரா, அசாகுசா, ஈசே என்று பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலே கோவில் பட்டியல்தான். இறங்கியவர் இந்துவாக, முஸ்லிமாக, கிறிஸ்தவராக, நம்பிக்கையே இல்லாதவராக இருக்கலாம். வழிகாட்டி கை கழுவச் சொல்கிறார், தலை வணங்கிக் காட்டுகிறார். கூட வந்த பயிற்சியாளர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு அப்படியே செய்கிறார்கள். அந்தக் கணத்தில் அவர்கள் செய்தது என்ன? வழிபாடா, மரியாதையா, வெறும் வேடிக்கையா? நம்பாத தெய்வத்தின் முன் தலை குனிவது பொய்யாகுமா? குனியாமல் கையைக் கட்டிக்கொண்டு பார்த்து நிற்பது அதைவிட நேர்மையானதா? சின்னக் கேள்விபோலத் தோன்றினாலும், இதற்காக வேலை இழந்தவர்கள் உண்டு, உயிர் இழந்தவரும் உண்டு.

சுற்றுலாவைக் குறிக்க ஜப்பானியர் வழங்கும் சொல்லிலிருந்தே தொடங்கலாம். 'கான்கோ' என்பது அந்தச் சொல். அதன் இரண்டு எழுத்துகளில் ஒன்றுக்குப் பார்த்தல் என்றும் மற்றொன்றுக்கு ஒளி என்றும் பொருள். சீனத்தின் பழைய குறிநூலான ஈ சிங்கில், ஒரு நாட்டின் ஒளியைக் கண்டறிந்து அந்நாட்டு அரசனுக்கு விருந்தினனாக இருப்பதைப் பற்றிய இடத்திலிருந்து அது எடுக்கப்பட்டது. பார்க்கிறவன் வழிப்போக்கன் அல்லன், அழைக்கப்பட்டவன் என்பது அங்கேயே உள்ளடங்கியிருக்கிறது. நவீன காலத்தில் இந்தச் சொல் முதலில் ஏறி உட்கார்ந்தது ஒரு கப்பலின் பெயரில். 1855-இல் நெதர்லாந்து மன்னர் ஷோகுன் அரசுக்கு ஒரு நீராவிக் கப்பலை அன்பளிப்பாகக் கொடுத்தார். அதற்குக் 'கான்கோ மாரு' என்று பெயர் வைத்து, நாகசாகியில் அப்போது தொடங்கப்பட்ட கடற்படைப் பயிற்சி நிலையத்தில் சேர்த்தார்கள். இன்று சுற்றுலா என்று மட்டும் காதில் விழும் சொல், அன்று ஒரு பயிற்சிக் கப்பலின் முகப்பில் இருந்தது. பயிற்சியையும் ஊர் பார்த்தலையும் இரண்டு வேலைகளாகப் பிரித்தது பிற்காலம்.

கிரேக்கத்திலும் இதே கதைதான். 'தியோரோஸ்' என்றால் பிற நகரத்தின் திருவிழாவுக்குத் தன் நகரம் அனுப்பும் தூதன். அவன் பலியிடுதலைப் பார்ப்பான், போட்டிகளைப் பார்ப்பான், தன் நகரத்தின் சார்பில் படையலும் வைப்பான், திரும்பி வந்து கண்டதைச் சொல்வான். அவன் செய்த வேலைக்குத் 'தியோரியா' என்று பெயர். மெய்யியலாளர்கள் அந்தச் சொல்லை எடுத்து உண்மையை மனத்தால் காணும் செயலுக்கு வைத்தார்கள். ஐரோப்பிய மொழிகளில் கோட்பாட்டைக் குறிக்கும் சொல் அதிலிருந்து வந்ததுதான். ஆக, ஒரு கோட்பாட்டின் பூர்வீகத்தைத் தேடிப் போனால், அடுத்த ஊர்க் கோவில் வாசலில் நிற்கும் ஒரு அரசு விருந்தாளியிடம் போய்ச் சேர வேண்டியிருக்கிறது.

பிளேட்டோ தம் கடைசி நூலான 'சட்டங்க'ளின் பன்னிரண்டாம் பகுதியில் இந்தத் தூதர்களுக்கு விதிகள் வகுக்கிறார். நாற்பது வயதுக்கு உட்பட்டவர் வெளிநாடு போகவே கூடாது. பிற நாட்டு வழக்கங்களை ஆய்ந்து வரப் போகிறவர் ஐம்பதைத் தாண்டியவராக இருக்க வேண்டும். திரும்பியதும் சட்டங்களைக் காக்கும் மன்றத்தின் முன் நின்று கண்டதைச் சொல்ல வேண்டும். மேம்பட்டுத் திரும்பினால் பாராட்டு. கெட்டுத் திரும்பியதாகத் தெரிந்தால் இளையோர் முதியோர் எவருடனும் அறிவாளியாகப் பழகாமல் ஒதுங்கி வாழ வேண்டும். கேட்காமல் சட்டத்தில் தலையிட்டால் மரண தண்டனை. இன்றைய நிறுவனங்கள் பயிற்சி முடித்துத் திரும்பியவரிடம் கேட்கும் அறிக்கை இதோடு ஒப்பிட்டால் எவ்வளவோ தேவலாம். ஆனால் பிளேட்டோவின் பயம் கூர்மையானது. ஆபத்து அந்நிய நாட்டில் இல்லை, திரும்பி வந்த வீட்டில் இருக்கிறது என்பதை அவர் பார்த்திருந்தார்.

அந்தப் பயம் மெய்ப்பட்ட இடங்களில் ஒன்று மெய்ஜி கால ஜப்பான். மோரி அரினோரி 1865-இல் சத்சுமா ஆட்சிப் பகுதியிலிருந்து ரகசியமாக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட இளைஞர்களில் ஒருவர். லண்டனில் படித்தார், நாடு திரும்பி உயர்ந்தார், கல்வி அமைச்சரானார். 1887-இல் அவர் ஈசே பெருங்கோவிலுக்குப் போனபோது, உள்ளே மறைக்கும் திரையைக் கைத்தடியால் விலக்கிப் பார்த்தார் என்றும் காலணியோடு நடந்தார் என்றும் பேச்சு கிளம்பியது. அது நடந்ததா என்பதே சர்ச்சை. ஆனாலும் 1889 பிப்ரவரி 11 அன்று, ஜப்பானின் முதல் அரசியலமைப்பு வெளியிடப்பட்ட அதே நாள் காலையில், அந்தப் பேச்சை நம்பிய ஒருவன் அவர் வீட்டுக்கே போய்க் கத்தியால் குத்தினான். மறுநாள் மோரி இறந்தார். குற்றச்சாட்டு முழுக்க ஒரு பார்வையைப் பற்றியது. பார்க்கக் கூடாததை, பார்க்கக் கூடாத விதத்தில் பார்த்தார், சொந்த நாட்டுக் கோவிலில் வெளிநாட்டுக்காரனைப்போல நடந்துகொண்டார் என்பது.

இரண்டு ஆண்டு கழித்து உச்சிமுரா கான்சோவுக்கு நேர்ந்தது இதன் மறுபக்கம். அமெரிக்காவின் ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியில் படித்துத் திரும்பிய கிறிஸ்தவர் அவர். 1891 ஜனவரியில் தோக்கியோவின் முதல் உயர்நிலைப் பள்ளியில், பேரரசர் கையெழுத்திட்ட கல்வி ஆணையின் முன் ஆசிரியர்கள் ஒவ்வொருவராக ஏறி ஆழ வணங்க வேண்டியிருந்தது. உச்சிமுரா தயங்கினார். தலையை லேசாகச் சாய்த்துவிட்டு இறங்கிவிட்டார். குனிந்த அளவு போதவில்லை என்பதுதான் குற்றம். இது வழிபாடு அல்ல, மரியாதை மட்டுமே என்று பள்ளித் தரப்பில் விளக்கம் வந்த பிறகு அவர் ஒப்புக்கொண்டார். அப்போது நோயில் கிடந்ததால் நண்பர் ஒருவர் அவருக்குப் பதிலாகப் போய் வணங்கினார். ஆனாலும் வேலை போயிற்று. முதுகு எவ்வளவு வளைந்தது என்பதில் ஒரு மனிதனின் நம்பிக்கையை அளக்க முடியும் என்று ஒரு தேசமே நம்பிய நேரம் அது.

உண்மையில் அந்தத் தேசத்துக்கே தன் மதம் எது என்று சொல்லத் தெரியாமல் இருந்தது. 1871 முதல் 1873 வரை இவாகுரா தோமோமியின் தலைமையில் ஒரு பெரிய தூதுக்குழு அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் சுற்றியது. ஆலை, சுரங்கம், பள்ளி, சிறை, நாடாளுமன்றம், தேவாலயம் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. உலக வரலாற்றிலேயே மிகப் பெரிய கல்விச் சுற்றுலா என்று அதைச் சொல்லலாம். அதன் அதிகாரபூர்வப் பயணப் பதிவை எழுதிய குமே குனிதாக்கே, கப்பலில் நடந்த ஒரு விவாதத்தைப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். வெள்ளைக்காரர்கள் உங்கள் மதம் என்ன என்று கேட்டால் என்ன சொல்வது? ஒருவர் பௌத்தம் என்றார், ஒருவர் கன்பூசியம் என்றார், ஒருவர் ஷிந்தோ என்றார். எதைச் சொன்னாலும் இடித்தது. மதம் என்ற கருத்தே அவர்களுக்குப் புதிது. அதைக் குறிக்கும் 'ஷூக்கியோ' என்ற சொல் அப்போதுதான் அந்தப் பொருளில் வழக்குக்கு வந்துகொண்டிருந்தது. அதே குமே இருபது ஆண்டு கழித்து, ஷிந்தோ என்பது வானத்தை வழிபட்ட பழைய வழக்கத்தின் எச்சம் என்று எழுதியதற்காக 1892-இல் பல்கலைக்கழகப் பதவியை இழந்தார்.

மதம் எது, வழக்கம் எது என்ற அந்தக் குழப்பம் இன்றும் ஓயவில்லை. ஒசாகாவில் ஒரு ஆலைக்குள் நுழையும் பயிற்சியாளர் கோவிலுக்குப் போவதற்கு ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருக்க வேண்டியதில்லை. பல ஆலைகளில், அலுவலகச் சுவரின் உயரத்தில் ஒரு சிறிய பலகை மாடம் இருக்கும். வைக்கோல் கயிறு, சகாக்கி இலைக் கொத்து, ஒரு சிட்டிகை உப்பு, அரிசி, தண்ணீர். அதற்குக் 'காமிதானா' என்று பெயர். புத்தாண்டில் வேலை தொடங்கும்போது விபத்தில்லா ஆண்டு வேண்டி ஊழியர்கள் கூட்டமாகக் கோவிலுக்குப் போவதும் உண்டு. தமிழ்நாட்டுப் பட்டறையிலிருந்து வந்தவருக்கு இதில் வியப்பு இல்லை. ஆயுத பூஜையன்று கடைசல் இயந்திரத்துக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்த கை அது. அதே பட்டறையில் வேலை பார்க்கும் முஸ்லிம் பிட்டரும் கிறிஸ்தவ வெல்டரும் பொரிகடலை வாங்கிக்கொண்டு போவார்கள், யாரும் அவர்களிடம் விளக்கம் கேட்பதில்லை. வெளிநாட்டில் சிக்கலாகத் தோன்றும் கேள்வியை உள்ளூர் பட்டறை பேசாமலேயே தீர்த்து வைத்திருக்கிறது. பேசத் தொடங்கினால்தான் சிக்கல்.

ஜப்பானில் அது நீதிமன்றத்தில் பேசப்பட்டது. 1965-இல் மிஏ மாகாணத்தின் சூ நகராட்சி உடற்பயிற்சிக்கூடம் கட்டத் தொடங்கியபோது ஷிந்தோ பூசாரிகளை அழைத்துப் பூமி பூஜை செய்தது. செலவு 7,663 யென். நகரமன்ற உறுப்பினர் ஒருவர் வழக்குப் போட்டார். மேல்முறையீட்டில் நாகோயா உயர் நீதிமன்றம் 1971-இல் அது மதச் சடங்கே என்றது. 1977-இல் உச்ச நீதிமன்றம் 10-க்கு 5 என்ற கணக்கில் தீர்ப்பை மாற்றியது. அடிக்கல் நாட்டும் சடங்கு காலப்போக்கில் கட்டட வேலையின் ஒரு வழக்கமாகிவிட்டது, சராசரி மனிதன் அதை மதமாக நினைப்பதில்லை என்பது பெரும்பான்மையின் வாதம். ஐந்து நீதிபதிகள் ஒப்புக்கொள்ளவில்லை. பூசாரி உடை உடுத்தி, மந்திரம் சொல்லி, தெய்வத்தை இறக்கி ஏற்றும் ஒன்று மதம் இல்லையென்றால் வேறு எதுதான் மதம் என்று கேட்கிறவருக்கும் நியாயம் இருக்கிறது.

செயலைக் கொஞ்சம் அருகே போய்ப் பார்க்கலாம். ஷிந்தோ கோவிலின் முன் கல் தொட்டி, அதன்மேல் வரிசையாக மூங்கில் அகப்பைகள். வலக்கையால் அகப்பையில் நீர் மொண்டு இடக்கையைக் கழுவ வேண்டும். பிறகு கை மாற்றி வலக்கையை. மறுபடி மாற்றி, இடது உள்ளங்கையில் சிறிது நீர் ஊற்றி வாய் கொப்பளித்து, அந்தக் கையை மீண்டும் கழுவ வேண்டும். கடைசியில் அகப்பையை நிமிர்த்திப் பிடித்தால் மிச்ச நீர் காம்பு வழியே ஒழுகி, தான் பிடித்த இடத்தை அடுத்தவருக்காகக் கழுவிவிடும். எல்லாமே ஒரே ஒரு மொண்ட நீரில். உள்ளே போய் உண்டியலில் நாணயம் போட்டு, இரு முறை வணங்கி, இரு முறை கை தட்டி, மறுபடி ஒரு முறை வணங்க வேண்டும். பௌத்தக் கோவிலில் கை தட்டக் கூடாது, கூப்பினால் போதும். ஐந்து யென் நாணயம் விரும்பிப் போடப்படுகிறது, ஏனென்றால் 'கோ-என்' என்ற அதன் ஒலிக்கு நல்ல தொடர்பு, பிணைப்பு என்ற பொருளும் வரும். இந்த முழு வரிசையிலும் எதையாவது நம்புவதாகச் சொல்ல வேண்டிய இடம் ஒன்றுகூட இல்லை. உடல் செய்கிறது, அவ்வளவுதான். அடுத்தவருக்காக அகப்பைக் காம்பைக் கழுவுவதில் எந்த மதத்துக்காரர் மறுப்புச் சொல்வார்? இரண்டாவது கைதட்டலில்தான் சிலருக்குக் கை தயங்குகிறது.

இந்தத் தயக்கத்துக்கு மிகப் பழைய சாட்சி விவிலியத்தில் இருக்கிறது. இராஜாக்களின் இரண்டாம் நூல் சொல்லும் நாகமான், சீரிய அரசனின் படைத்தலைவன். இஸ்ரவேலில் எலிசா தீர்க்கதரிசியிடம் வந்து குஷ்டம் நீங்கப் பெற்றான். இனி வேறு தெய்வத்தைத் தொழ மாட்டேன் என்று உறுதி சொன்னான். ஊருக்குக் கொண்டுபோக இரண்டு கோவேறு கழுதை சுமக்கும் அளவு மண் கேட்டான். உடனே ஒரு விதிவிலக்கும் கேட்டான். அவன் அரசன் ரிம்மோன் கோவிலில் வணங்கப் போகும்போது இவன் கையில்தான் சாய்ந்துகொள்வான். அரசன் குனிந்தால் இவனும் குனிந்தாக வேண்டும். அந்த ஒன்றைக் கர்த்தர் மன்னிக்கட்டும் என்றான். எலிசா நீண்ட விளக்கம் எதுவும் கொடுக்கவில்லை, சமாதானமாக அனுப்பி வைத்தார். உத்தியோகக் கடமையால் அந்நியக் கோவிலில் குனிய வேண்டியவரின் முழு வழக்கும் அந்தச் சில வரிகளில் அடங்கிவிடுகிறது. இது சரியானது என்று நாகமான் வாதாடவில்லை, மன்னிப்புத்தான் கேட்டான். உள்ளே நம்பிக்கை சரியாக இருந்தால் உடல் என்ன செய்தாலும் பரவாயில்லை என்ற சுலபமான முடிவுக்கு அவன் போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

கி.பி. 200-ஐ ஒட்டிக் கார்தேஜில் எழுதிய தெர்த்துல்லியன், கிறிஸ்தவர்களிலேயே கறாரானவர். பொதுக் காட்சிகளுக்குப் போவதையே கண்டித்தவர். அவர்கூட, அண்டை வீட்டுத் திருமணத்துக்கோ பெயர்சூட்டு விழாவுக்கோ போனால் அங்கே நடக்கும் பலிக்காகப் போகவில்லை, மனிதருக்காகத்தான் போகிறோம், வெறும் பார்வையாளராக நிற்பதில் பழுதில்லை என்று ஒரு கதவைத் திறந்து வைத்தார். பலிக்கென்றே அழைத்தால் போகக் கூடாது. யார் எதற்கு அழைத்தார்கள் என்பதைப் பொறுத்து ஒரே இடத்தில் நிற்பதன் பொருள் மாறுகிறது. உள்ளம், உடல் என்ற இரட்டைக்கு வெளியே அழைப்பு என்ற மூன்றாவது ஒன்றை அவர் கண்டுபிடித்துவிட்டார் என்றே சொல்ல வேண்டும்.

வரலாறு அந்த மூன்றாவதைச் சோதித்துப் பார்த்தது. 1932-இல் தோக்கியோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகமான சோஃபியாவின் மாணவர்களை ராணுவ அதிகாரி ஒருவர், போரில் இறந்தவர்களுக்கான யாசுகுனி ஷிந்தோ ஆலயத்துக்கு அழைத்துப் போனார். சிலர் வணங்க மறுத்தார்கள். பெரிய புயல் எழுந்தது. பேராயர் கல்வி அமைச்சகத்திடம் விளக்கம் கேட்க, அது நாட்டுப்பற்றையும் விசுவாசத்தையும் காட்டும் செயல் மட்டுமே என்று பதில் வந்தது. 1936-இல் வத்திக்கான் அதை ஏற்று, ஜப்பானியக் கத்தோலிக்கர் குடிமக்கள் என்ற முறையில் வணங்கலாம் என்று அனுமதித்தது. போர் முடிந்து 1945 டிசம்பரில் நேச நாட்டு ஆட்சி அரசையும் ஷிந்தோவையும் பிரித்தது. அடுத்த ஆண்டு யாசுகுனி ஒரு தனியார் மத அமைப்பாகப் பதிவாயிற்று. அதே படிக்கட்டு, அதே கோணத்தில் வளையும் முதுகு. 1932-இல் அது குடிமைக் கடமை, 1946-இல் மதச் செயல். இடையில் மாறியது வணங்குகிறவரின் உள்ளம் அல்ல, வீட்டுக்காரர் சொல்லும் விளக்கம்.

மதுரைக்கு 1606-இல் வந்த இயேசு சபைப் பாதிரியார் ராபர்ட் டி நொபிலியும் இதே கயிற்றில் நடந்தவர்தான். பூணூல், குடுமி, சந்தனம் இவையெல்லாம் மதக்குறிகளா, குலவழக்கமா என்ற கேள்வி ரோம்வரை போயிற்று. குலவழக்கம் என்று அவர் வாதாடினார், 1623-இல் போப்பாண்டவர் அனுமதித்தார். 1744-இல், மலபார் சடங்குகள் எனப்பட்ட இவ்வழக்கங்கள் பற்றிய போப்பாண்டவரின் ஆணை மறுபடி கயிற்றை இறுக்கியது. விளக்கத்தை எழுதும் கை மாறினால் நெற்றிச் சந்தனத்தின் பொருளும் மாறிவிடுகிறது.

இங்கேதான் பயிற்சிக்குப் போனவரின் நிலை மற்றவர்களிடமிருந்து விலகி நிற்கிறது. உச்சிமுராவும் சோஃபியா மாணவர்களும் அந்நாட்டின் குடிகள். அவர்களுடைய குனிதல் ஒரு உறுதிமொழியாக வாசிக்கப்பட்டது, மறுத்தால் தண்டனை காத்திருந்தது. கட்டாயத்தின் கீழ் மறுப்பதற்கு ஒரு மாண்பு உண்டு. அந்த மாண்பை மூன்று வாரப் பயிற்சிக்கு வந்தவர் இரவல் வாங்க முடியாது. அவரிடம் யாரும் உறுதிமொழி கேட்கவில்லை. அவர் விருந்தாளி. விருந்து என்ற தமிழ்ச்சொல்லுக்குப் புதுமை என்பதே பழைய பொருள், தொல்காப்பியம் அந்தப் பொருளில் அதை ஆள்கிறது. புதிதாக வந்தவரிடம் வீடு எதிர்பார்ப்பது குறைவு: செருப்பைக் கழற்று, சத்தம் போடாதே, கொடுப்பதைக் கையில் வாங்கு. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர் அந்தக் குடும்பத்தில் மகனாகிவிடுவதில்லை, இலையைத் தள்ளிவிட்டு வேடிக்கை பார்ப்பதும் இல்லை. அவருடைய வணக்கம் அந்தத் தெய்வம் உண்டு என்று அறிவிப்பதில்லை. அந்தத் தெய்வத்தின்முன் குனியும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதைத்தான் அது ஒப்புக்கொள்கிறது. கைதட்ட மனம் வராதவர் தலையை மட்டும் சாய்த்து ஒதுங்கி நிற்கலாம், வீட்டுக்காரர் அதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. எல்லாவற்றையும் நம்பினவர்போலச் செய்து செல்பி எடுத்து அனுப்புகிறவரைவிட அவர் நல்ல விருந்தாளி.

பார்வையாளர் என்ற நிலை எளியது என்று நினைப்பதிலும் சிக்கல் இருக்கிறது. கியோட்டோக் கோவில்களின் நுழைவுச்சீட்டில் அச்சாகியிருப்பது 'ஹைகான்' கட்டணம். வணங்குதல், பார்த்தல் என்ற இரண்டு எழுத்துகளையும் ஒட்டிய சொல் அது. வணங்கிப் பார்த்தல் என்று தமிழில் சொல்லலாம். அந்த ஒட்டு 1980-களில் பிளந்தது. கியோட்டோ நகராட்சி பழந்தலைநகரைப் பாதுகாக்க நிதி வேண்டி, கோவிலுக்குள் போகும் ஒவ்வொரு பெரியவருக்கும் 50 யென் வரி போட முடிவு செய்தது. வருகிறவர்கள் சுற்றுலாக்காரர்கள் அல்ல, வழிபட வருகிறவர்கள், வழிபாட்டுக்கு வரி போட முடியாது என்றன கோவில்கள். 1984-இல் கியோட்டோ மாவட்ட நீதிமன்றம் கோவில்களின் வழக்கைத் தள்ளியது. பணம் கொடுத்துப் பண்பாட்டுச் செல்வத்தைப் பார்க்கும் வெளிச்செயலைத்தான் வரி கணக்கில் எடுக்கிறது, பார்க்கிறவரின் உள்ளத்துக்குள் அது போவதில்லை என்பது தீர்ப்பின் சாரம். 1985 ஜூலையில் வரி அமலானது. கியோமிசு, பொன்மண்டபக் கோவில், வெள்ளிமண்டபக் கோவில் போன்றவை கதவைச் சாத்தின. வெளியூர்ப் பேருந்துகள் பூட்டிய வாசலில் நின்றன. விடுதிகளும் கடைகளும் கதறின. 1988-இல் வரி கைவிடப்பட்டது. வந்த கூட்டத்தில் எத்தனை பேர் வணங்கினார்கள், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று யாரும் எண்ணிவிடவில்லை, எண்ணவும் முடியாது. ஒரே ஆள் ஒரே நிமிடத்தில் இரண்டையும் செய்கிறார்.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி எதிர்த்திசையிலிருந்து வந்தது. 2024 ஜனவரியில் பழனி கோவில் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கொடிமரத்தைத் தாண்டி இந்து அல்லாதவர்களுக்கு அனுமதியில்லை என்று பலகை வைக்கச் சொன்னது. கோவில் சுற்றிப் பார்க்கும் இடம் இல்லை என்றது. தெய்வத்தின்மேல் நம்பிக்கை உண்டு என்று எழுதிக் கொடுத்தால் உள்ளே விடலாம் என்றும் சொன்னது. கியோட்டோவின் நீதிபதிகள் உள்ளத்தைத் தொட மாட்டோம் என்றார்கள், மதுரையில் உள்ளத்தை ஒரு பதிவேட்டில் எழுதித்தரச் சொன்னார்கள். பழனிக்கு வந்த ஜப்பானியப் பொறியாளர் ஒருவர் அந்தப் பதிவேட்டில் என்ன எழுதுவார்? பொய் எழுதாமல் மரியாதையைப் பதிவு செய்ய அதில் ஒரு கட்டம் இல்லை.

இந்தியர் ஒருவருக்குக் கோவிலில் பார்வைதான் எல்லாம். தரிசனம் என்றாலே காண்பது, தெய்வத்தால் காணப்படுவது. திரை விலகும் நொடிக்காகக் கூட்டம் எக்கி நிற்கும். அந்தக் கண்ணோடு ஜப்பானுக்குப் போனவருக்கு முதல் அதிர்ச்சி, பல கோவில்களில் மூலவரைப் பார்க்கவே முடியாது என்பது. 'ஹிபுத்சு', மறைந்த புத்தர், என்று அதற்குப் பெயர். அசாகுசாவின் சென்சோ-ஜியில் நாளெல்லாம் கூட்டம் அலைமோதும், ஆனால் மூலவரான கன்னோன் என்ற போதிசத்துவரின் படிமம் யாருக்கும் காட்டப்படுவதில்லை. நாகானோவின் ஜென்கோ-ஜியில் மூலவரைப் பூசாரிகள்கூடப் பார்ப்பதில்லை. அவருக்கு மாற்றாக உள்ள படிமமும் எப்போதாவதுதான் வெளிவரும், கடைசியாக 2022-இல் வந்தது. ஆனால் அந்தக் கோவிலில் வேறொன்று உண்டு. கருவறையின் கீழே ஒரு சுரங்கப் பாதை. படியிறங்கி இரண்டு திருப்பம் திரும்பியதும் கண்ணைத் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் ஒன்றுதான், அவ்வளவு இருட்டு. வலக்கையை இடுப்பு உயரத்தில் சுவரில் வைத்துத் தடவிக்கொண்டே போக வேண்டும். முன்னால் போகிறவரின் முதுகில் முட்டிக்கொள்வார்கள், யாரோ சிரிப்பார்கள், ஒரு குழந்தை அழும். பாதி வழியில் கையில் ஒரு உலோகம் தட்டும், அசைத்தால் கடகடவென்று ஒலிக்கும். மறைந்த புத்தருக்கு நேர் கீழே தொங்கும் தாழ் அது. அதைத் தொட்டவருக்கு நற்கதி உறுதி என்பது நம்பிக்கை. கேமராவுக்கு அங்கே வேலை இல்லை. நம்பிக்கை உள்ளவரும் இல்லாதவரும் ஒரே மாதிரி தடவிக்கொண்டு நடக்கிறார்கள். வேடிக்கை பார்ப்பவர் என்ற நிலையே அந்த இருட்டில் இல்லாமல் போகிறது.

இதற்கு நேரெதிரான சோதனை, தெரிந்த முகத்தைப் பார்ப்பது. கியோட்டோவின் தோ-ஜி பிரசங்க மண்டபத்தில் 21 படிமங்கள், அவற்றில் வாத்துகளின்மேல் பிரம்மாவும் யானைமேல் இந்திரனும் அமர்ந்திருக்கிறார்கள். சாஞ்சூசாங்கென்தோவின் 1001 கன்னோன் உருவங்களுக்கு முன்னே காவல் நிற்கும் 28 பேரில் பலர் இந்தியாவிலிருந்து போனவர்கள். குளக்கரைகளில் பென்சாய்தென் என்ற பெயரில் சரஸ்வதி, நரகத்தில் எம்மா என்ற பெயரில் யமன். இந்தியப் பயிற்சியாளர் உடனே 'இது நம்ம சாமி' என்று சொல்லிவிடுவார். சொல்வதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, ஒரு அவசரமும் இருக்கிறது. தோக்கியோவின் மாட்சுச்சியாமா கோவிலில் யானைமுகத் தெய்வத்துக்கு வெள்ளை முள்ளங்கி படைக்கிறார்கள். ஷோதென் எனப்படும் அவர் விநாயகர்தான், ஆனால் பெரும்பாலும் ஒருவரையொருவர் தழுவி நிற்கும் இரட்டை உருவம். பெட்டிக்குள் மறைந்தே இருப்பார், தெருமுனையில் உட்காரும் சகஜம் கிடையாது. அஞ்சி அணுக வேண்டிய தெய்வம். ஆயிரம் ஆண்டு வேறொரு வீட்டில் வளர்ந்தவரைப் பழைய பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாரா என்பது யோசிக்க வேண்டியது. அந்நியம் என்று ஒதுங்குவது ஒரு தவறு என்றால், நம்முடையது என்று கையைப் போடுவது இன்னொன்று.

நாராவின் தோதாய்-ஜியில் இருக்கும் வெண்கலப் பெரும் புத்தர் சுமார் 15 மீட்டர் உயரம். 752-இல் அதன் கண்திறப்பு விழா நடந்தது. படிமத்துக்கு விழி எழுதினால்தான் அது தெய்வமாகும் என்பது இந்தியாவிலும் ஜப்பானிலும் ஒன்றுபோல் இருக்கும் நம்பிக்கை. பேரரசரையும் துறவிகளையும் தாண்டி, தூரிகையைப் பிடிக்கும் பொறுப்பு போதிசேனர் என்ற இந்தியத் துறவிக்குத் தரப்பட்டது. சீனத்தில் இருந்தவரை ஜப்பானியத் தூதுக்குழு அழைக்க, 736-இல் வந்தவர் அவர். கற்பிக்க வந்தவர், 760-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்துவிட்டார். விழி எழுதிய அந்தத் தூரிகையில் நீண்ட நீல நிறப் பட்டுக் கயிறு கட்டப்பட்டிருந்தது. கூடியிருந்தவர்கள் அதன் மறுமுனைகளைப் பிடித்திருந்தார்கள், எழுதும் கை அசைந்தபோது எல்லார் கைகளும் அசைந்தன. தூரிகையும் கயிறும் கோவிலுக்குப் பின்னால் உள்ள ஷோசோ-இன் கருவூலத்துக்குரியவையாக இன்றும் காக்கப்படுகின்றன. இன்று அந்த மண்டபத்துக்குள் வரும் பயிற்சியாளர் குழுக்கள் புத்தரின் முகத்தைப் பார்க்கத் தலையை நன்றாகப் பின்னால் சாய்க்க வேண்டியிருக்கிறது. அந்தப் புத்தருக்கு முதன்முதலில் கண் எழுதியது ஒரு விருந்தாளியின் கை.